ஸ்டேஷனில் ஆட்களின் அசைவுக்குப் பதில் கொடுக்கும் கட்டடக்கலை: நீண்ட நாள் ஓடியது எது?

நிலா_ஆர்க் கேட்டது:

வணக்கம். பி.ஆர்க் கடைசி வருடம் படிக்கிறேன். ரயில், மெட்ரோ நிலையங்களுக்குள் ஆட்களின் அசைவுக்குப் பதில் கொடுக்கும் கட்டடக்கலையைத் தீசிஸுக்கு எடுத்திருக்கிறேன். நீங்கள் நடந்தால், நின்றால், கையைத் தூக்கினால் அந்த இடம் ஒளியாலோ ஒலியாலோ ஏதாவது செய்ய வேண்டும். அலங்காரம் என் நோக்கம் இல்லை. தினமும் ஒரே வழியாகப் போய் வருகிறவர்களுக்கு அந்த வழியில் தங்களுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று தோன்ற வேண்டும், அதுதான் ஆசை.

முதல் ரெவ்யூவில் கைடு ஒரே கேள்விதான் கேட்டார். "திறப்பு விழாவுக்கு எல்லாரும் வருவாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு இது வேலை செய்யுமா?" நியாயமான கேள்வி, நான் படித்த கட்டுரை எதுவும் அதைத் தொடவே இல்லை. எல்லாமே திறப்பு விழா போட்டோவோடு முடிந்துவிடுகிறது.

இதுவரை எடுத்து வைத்தவை: ஸ்டாக்ஹோம் ஓடன்பிளான் நிலையத்தின் பியானோ படிக்கட்டு (மிதித்தால் பியானோ மாதிரி ஒலிக்கும்), நியூயார்க் ஹெரால்ட் ஸ்கொயர் நிலையத்தில் கிறிஸ்டஃபர் ஜேனி செய்த 'ரீச்', சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் 'கைனெட்டிக் ரெய்ன்'. இவற்றை நேரில் பார்த்தவர்கள், இதுபோன்ற சாதனங்களைப் பராமரித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எது ஓடியது, ஏன் ஓடியது? கூட்ட நேரத்தில் இவை வழியை அடைத்துக்கொள்ளுமா? சென்சார் எந்த வகை போட்டால் தாங்கும்?

கெண்டல்_பக்கம் எழுதியது:

நான் பாஸ்டனுக்கு எதிர்க்கரை, கேம்பிரிட்ஜில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு மிகவும் நெருக்கமான ஸ்டேஷன் உங்கள் பட்டியலில் இல்லை. கெண்டல், எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு இறங்கும் நிறுத்தம், பாஸ்டன் மெட்ரோவின் ரெட் லைனில் இருக்கிறது. பால் மத்தீஸ் (ஓவியர் ஆன்றி மத்தீஸின் பேரன்) 1987இல் அங்கே 'கெண்டல் பேண்ட்' என்று மூன்று இசைக்கருவிகளைச் செய்து மாட்டினார். பித்தாகரஸ், கெப்ளர், கலிலியோ என்று பெயர். கருவிகள் தொங்குவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, பயணி யாருக்கும் கை எட்டாத இடத்தில். அவற்றை இயக்கும் கைப்பிடிகள் பிளாட்பாரச் சுவரில் இருக்கும். ரயிலுக்குக் காத்திருக்கிறவர் கைப்பிடியை ஆட்டினால் எதிரே கருவி ஒலிக்கும்.

மூன்றில் அழகானது பித்தாகரஸ். பதினாறு அலுமினியக் குழாய்கள் வரிசையாகத் தொங்கும், அவற்றுக்கு நடுவே மரச் சுத்திகள். கைப்பிடியை ஒரு தடவை பிடித்து இழுத்தால் ஒன்றும் நடக்காது. ஊஞ்சலை ஆட்டிவிடுகிற மாதிரி, வருகிற வேகத்தைப் பார்த்து அதோடு சேர்த்து மெதுவாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுத்திகளின் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, ஒரு கட்டத்தில் குழாய்களைத் தொடும், அப்புறம் சத்தம் ஸ்டேஷன் முழுக்கப் பரவும். முரட்டுத்தனமாக இழுக்கிறவருக்கு அது ஒலிக்காது, பொறுமையாக இழுக்கிற சின்னப் பிள்ளைக்கு ஒலிக்கும். கெப்ளர் ஒரு பெரிய அலுமினிய வளையம், சுத்தி அடித்தால் ரீங்காரம் வெகுநேரம் நிற்கும். கலிலியோ பெரிய உலோகத் தகடு, ஆட்டினால் இடி உருளுகிற மாதிரி கேட்கும்.

இப்போது உங்கள் கைடு கேட்டதற்கு வருகிறேன். இதில் சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கம்பியும் நெம்புகோலும்தான், அப்படியும் கெட்டுப்போனது. தினம் எத்தனையோ பேர் இழுக்கிற கைப்பிடி தேயாமல் என்ன செய்யும்? பல வருடம் மத்தீஸே வந்து சரிசெய்தார். அவருக்கு வயதாகி, கைப்பிடிகள் ஒவ்வொன்றாக நின்றுபோய், இழுத்தால் ஒன்றுமே ஆகாத நிலைமை வந்தது. 2010 வாக்கில் எம்.ஐ.டி. ஆட்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து, அவரிடமே கேட்டுக் கேட்டுப் பழுது பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தக் கம்பி அறுந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிந்ததால்தான் அவர்களால் அதைச் செய்ய முடிந்தது. மூடிய பெட்டிக்குள் ஒரு சர்க்யூட் போர்டாக இருந்து, அதைச் செய்த கம்பெனி மூடிப்போயிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் பட்டியல் பற்றி மூன்று விஷயம். சாங்கியின் 'கைனெட்டிக் ரெய்ன்' அருமையான வேலைதான், 1,216 உலோகத் துளிகள் மோட்டாரில் ஏறி இறங்குகின்றன. ஆனால் அது முன்கூட்டியே எழுதி வைத்த அசைவு. நீங்கள் கீழே நின்றாலும் நிற்காவிட்டாலும் அது தன் பாட்டுக்கு ஆடும். உங்கள் தலைப்புக்குள் அது வராது, எடுத்துவிடுங்கள்.

ஓடன்பிளான் படிக்கட்டு 2009இல் ஃபோக்ஸ்வேகனுக்காக டிடிபி என்கிற விளம்பர நிறுவனம் செய்தது. வழக்கத்தை விட 66 சதவீதம் கூடுதலான பேர் படிக்கட்டில் ஏறினார்கள் என்கிற எண்ணும் அந்த விளம்பரப் படத்தில் வருவதுதான். தற்காலிகமாகச் செய்ததை வைத்து ஐந்து வருடக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. புதுசாக ஒன்று வந்தால் யாரும் ஏறிப் பார்ப்பார்கள், அதே ஆள் அடுத்த மாதமும் ஏறுவாரா என்பதுதான் நீங்கள் தேடுகிற தகவல். படிக்கட்டுதான் வேண்டும் என்றால் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஜேனியே செய்த ஒலிப் படிக்கட்டைப் பாருங்கள். அது ஸ்டேஷன் இல்லைதான், ஆனால் நிரந்தரமாக வைத்தது, பிள்ளைகள் மேலேயும் கீழேயும் ஓடி ஓடித் தேய்த்த படிக்கட்டு.

'ரீச்' கட்டாயம் இருக்கட்டும். அது 1990களின் நடுவில் வந்தது. பிளாட்பாரத்துக்கு மேலே பச்சை நிறத்தில் நீளமான ஒரு பெட்டி, அதில் துளைகள், துளைக்கு நேரே கையைத் தூக்கினால் சென்சார் பிடித்துக்கொண்டு மரிம்பா (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கிற கருவி), புல்லாங்குழல், காட்டுச் சத்தம் என்று ஒலிக்கும். எதிர்ப் பிளாட்பாரத்திலும் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் நிற்கிற முகம் தெரியாத ஒருவரும் இந்தப் பக்கம் நிற்கிற நீங்களும் தண்டவாளத்துக்கு மேலே மாறி மாறி வாசிக்கலாம். நியூயார்க்கில் எதிர்ப் பிளாட்பாரத்து ஆளோடு உங்களுக்கு வேறு எந்தத் தொடர்பும் இருக்காது என்பதால் எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

கெண்டல், ரீச் இரண்டுமே ஆள் நிற்கிற இடத்தில் இருக்கின்றன, நடக்கிற இடத்தில் இல்லை. அதை உங்கள் சைட் பிளானில் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்படி_மெக்கானிக் எழுதியது:

எஸ்கலேட்டர், தானியங்கிக் கதவு மெயின்டனன்ஸில் இருக்கிறேன், அதனால் சென்சார் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன் தம்பி (தங்கை என்றால் மன்னிக்கவும்).

நீங்கள் தேடுகிற சாதனம் ஏற்கெனவே நிறைய நிலையங்களில் இருக்கிறது. ஆள் இல்லாதபோது மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும் எஸ்கலேட்டர், ஒருவர் கிட்டே வந்ததும் முழு வேகத்துக்கு வரும். கைப்பிடித் தூணிலோ அதற்கு முன்னாலோ ஒளிக்கற்றை சென்சார் அல்லது ரேடார் இருக்கும். ஆள் சீப்புத் தகட்டில் (படிகள் தொடங்கும் இடத்தில் இருக்கிற பல் வைத்த தகடு) கால் வைப்பதற்கு முன்பே வேகம் ஏறத் தொடங்க வேண்டும், சடாரென்று ஏறினால் விழுந்துவிடுவார்கள், அதனால் படிப்படியாக ஏற்றுவோம். கடைசி ஆள் இறங்கும் வரைக்கும் நேரம் கணக்கு வைத்து, அப்புறம்தான் குறைக்கும். கட்டடம் மனிதனின் அசைவுக்குப் பதில் சொல்கிறது என்றால் இதுதான் அது. இது வருடக்கணக்கில் ஓடுகிறது என்றால் காரணம் ஒன்றுதான்: நின்றுபோனால் உடனே புகார் வரும், சரிசெய்ய ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) இருக்கிறது, உதிரி பாகம் ஸ்டோரில் இருக்கிறது.

கலைப் பொருளுக்கு இந்த மூன்றும் இருப்பதில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் தரையில் கண்ணாடிக்கு அடியில் விளக்கு வைத்து, மிதித்தால் எரிகிற மாதிரி போட்டிருந்தார்கள். எந்த ஊர், எந்த நிறுவனம் என்று சொல்ல விரும்பவில்லை. தினமும் ராத்திரி மெஷின் வைத்துத் தரையைக் கழுவுகிற இடம் அது. ஓரத்து ரப்பர் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், முதலில் ஒரு ஓடு எப்போதும் எரிந்துகொண்டே இருந்தது, பக்கத்தில் இன்னொன்று எரியவே இல்லை. கழற்ற வேண்டுமென்றால் நடைபாதையை அடைக்க வேண்டும். டெண்டரில் பொருத்துவதற்குக் காசு இருந்தது, கழற்றி மாட்டுவதற்கு இல்லை. கடைசியில் சப்ளையைத் துண்டித்துவிட்டார்கள். கண்ணாடி மட்டும் அங்கேயே இருக்கிறது, அதன் மேல் வழுக்காத பட்டை ஒட்டியிருக்கிறார்கள். அந்த விளக்கை முதல் வாரம் பார்த்தவன் நான், பிள்ளைகள் அதன் மேல் குதித்துக் குதித்துப் போனதையும் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஆகவே: மிதிக்கிற சென்சார் வேண்டாம், தண்ணீர், தூசி, ட்ராலி சக்கரம் எல்லாம் அதற்கு எதிரி. சுவரில் எதிரெதிராக வைக்கிற ஒளிக்கற்றை பரவாயில்லை, ஆனால் லென்ஸில் தூசி படியும், யாராவது பையால் இடித்தால் நேர் விலகும், அதைத் துடைப்பதை ஹவுஸ்கீப்பிங் வேலைப் பட்டியலிலேயே எழுதிவிட வேண்டும். கூரையிலிருந்து கீழே பார்க்கிற ஆழம் அளக்கும் சென்சார்தான் நீண்ட நாள் உழைக்கும், யார் கையும் படாது. முகத்தைப் பதிவு செய்யாத வகையாகப் பார்த்து எடுங்கள். இல்லாவிட்டால் பாதுகாப்புக்காரர்களும் பயணிகளும் கேட்கிற கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்று, கெட்டுப்போனால் எப்படிக் கெட வேண்டும் என்பதையும் வரையுங்கள். சென்சார் செத்தால் விளக்கு அணையக் கூடாது, சாதாரண விளக்காக எரிய வேண்டும். அப்போதுதான் பாதுகாப்பு அனுமதியே கிடைக்கும்.

வெண்கோல் எழுதியது:

எனக்குப் பார்வை மிகக் குறைவு, கோல் வைத்துத்தான் நடக்கிறேன். இந்தத் திரியில் எல்லாரும் ஒலியைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசுகிறீர்கள், எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் ஸ்டேஷனில் ஒலிதான் எனக்கு வழி என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஜப்பானில் நிறைய ஸ்டேஷன்களில் பிளாட்பாரப் படிக்கட்டு இருக்கும் இடத்தில் பறவைச் சத்தத்தை ஒலிக்க விடுவார்கள், டிக்கெட் கேட் பக்கம் மணி ஓசை விட்டு விட்டுக் கேட்கும். பார்வையற்றவர்கள் படிக்கட்டு எந்தப் பக்கம், கேட் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதற்காக வைத்தது. டோக்கியோவில் ஒரு ஸ்டேஷனில் என்னை அழைத்துப்போனவர் இதைச் சொல்லாமலே விட்டுவிட்டார், நானே இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் புரிந்துகொண்டேன். கூட்டத்தில் தோள் இடிபடும் நேரத்தில் தலைக்கு மேலே வலது பக்கம் குருவி கத்தினால், ஓ, அங்கே படி இருக்கிறது என்று உடம்பே திரும்பிவிடுகிறது. ஒலி ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதால்தான் அது சாத்தியம். அதே படிக்கட்டில் ஆள் மிதிக்க மிதிக்க ஒவ்வொரு சுரம் வந்தால், மேலே ஏறுகிறவர், கீழே இறங்குகிறவர், நடுவில் நின்று விளையாடுகிறவர் எல்லார் சத்தமும் கலந்து, படி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாமல் போகும். இறங்கும்போது அது ஆபத்து.

அதனால் ஒலி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கெண்டல்_பக்கம் சொன்னது போல நிற்கிற இடத்தில் வையுங்கள், படியின் முதல் தட்டிலும் கடைசித் தட்டிலும் வைக்காதீர்கள். பதிலை ஒளியாலும் ஒலியாலும் மட்டும் கொடுக்காமல் தொடுகையாலும் கொடுக்கப் பாருங்கள். அந்த பித்தாகரஸ் கைப்பிடியில் சுத்தியின் ஆட்டம் கைக்கே திரும்பி வரும் இல்லையா? அதைப் படித்ததும் ஒரு தடவையாவது பிடித்துப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது.

அப்புறம், அசைவுக்குப் பதில் என்றால் யாருடைய அசைவு? சக்கர நாற்காலியில் வருகிறவருக்குப் பியானோ படிக்கட்டு வெறும் படிக்கட்டுதான். முட்டி வலியோடு எஸ்கலேட்டரில் நிற்கிற பெரியவரைச் சோம்பேறி என்று மற்றவர்கள் பார்க்கும்படி ஒரு இடத்தை வடிவமைக்காதீர்கள். கையை உயரத் தூக்கினால்தான் ஒலிக்கும் என்றால் குழந்தைக்கும் எட்டாது, தோள் வலிக்காரருக்கும் முடியாது.

நிலா_ஆர்க் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. (தங்கைதான் அண்ணா, மன்னிப்பெல்லாம் வேண்டாம்.)

வெண்கோல் ஐயா, படியின் இரண்டு முனையையும் தொடவே மாட்டேன், அதை ரெவ்யூ ஷீட்டிலேயே எழுதிவைக்கிறேன்.

இப்போது யோசிப்பது இது: நடக்கிற பாதையில் சென்சாரே இல்லாமல் ஒன்று, நிற்கிற பிளாட்பாரத்தில் சென்சாரோடு ஒன்று. சென்சார் இல்லாமல் அசைவுக்குப் பதில் கொடுத்த உதாரணம் வேறு இருக்கிறதா? அப்புறம் கூட்ட நெரிசலைக் கணக்கோடு காட்ட, தீசிஸை மதிப்பிடுகிற ஜூரியிடம் எதை வைப்பது?

கெண்டல்_பக்கம் எழுதியது:

இருக்கிறது, இரண்டு சொல்கிறேன்.

நேபிள்ஸ் நகரத்தில் 2012இல் திறந்த டொலேடோ மெட்ரோ நிலையம். ஸ்பெயின் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் துஸ்கெட்ஸ் வடிவமைத்தது. அதன் ஒரு நீண்ட நடைவழிச் சுவரில் அமெரிக்க நாடக இயக்குநர் ராபர்ட் வில்சன் கடல் அலைப் படங்களை வைத்திருக்கிறார். பார்க்கிற கோணம் மாறினால் படம் மாறும் வகைப் பலகை அது, பின்னால் விளக்கு. நீங்கள் நடந்தால் கடல் அசையும், நின்றால் நிற்கும். பயணிகள் வேகத்தைக் குறைக்காமலே பார்த்துக்கொண்டு போகலாம்.

இன்னொன்று நியூயார்க்கில் பில் பிராண்ட் 1980இல் செய்த 'மாஸ்டிரான்சிஸ்கோப்'. புரூக்ளினில் 1956 முதல் பயன்படுத்தாமல் கிடந்த மர்ட்டில் அவென்யூ நிலையத்தின் பிளாட்பாரத்தில் 228 ஓவியப் பலகைகள், அவற்றுக்கு முன்னால் மெல்லிய செங்குத்துப் பிளவுகள் கொண்ட தடுப்பு. ரயில் ஓடும்போது ஜன்னலிலிருந்து பிளவு வழியாகப் பார்த்தால் ஓவியங்கள் அசைகிற படமாகத் தெரியும். ரயில் மெதுவானால் படமும் மெதுவாகும், ரயில் நின்றால் படமும் நின்றுவிடும். மோட்டாரும் இல்லை, சென்சாரும் இல்லை. ஆனால் சென்சார் இல்லை என்றால் பராமரிப்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். விளக்கு போனது, மேலே கிறுக்கிவைத்தார்கள், பல வருடம் கண்ணில் படாமலே கிடந்து 2008இல் சுத்தம் செய்த பிறகுதான் திரும்ப உயிர் வந்தது.

நெரிசலுக்கு ஜான் ஃப்ரூயின் 1971இல் வகுத்த தரநிலைகளை எடுங்கள். ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று பார்த்து நடைவழி, படிக்கட்டு, காத்திருக்கும் இடம் மூன்றையும் தனித்தனியாக ஏ (தாராளமான இடம்) முதல் எஃப் (கடும் நெரிசல்) வரை பிரித்தார். ஸ்டேஷன் வடிவமைப்பில் இன்றைக்கும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் சாதனத்துக்கு முன்னால் ஒரு ஆள் நின்றால் மிச்சமுள்ள அகலம் எந்தத் தரத்துக்கு இறங்குகிறது என்று காலை நேரக் கூட்டத்துக்குப் போட்டுக் காட்டுங்கள். ஜூரி அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

பிளாட்பாரத்துக்கு ஒரு யோசனை. நெதர்லாந்தில் தென் போஸ் நிலையத்தில் 2013 வாக்கில் 180 மீட்டர் நீளத்துக்கு எல்.இ.டி. பட்டையைப் பிளாட்பாரத்துக்கு மேலே மாட்டிப் பரிசோதித்தார்கள். வரப்போகிற ரயிலின் கதவு எங்கே நிற்கும், எந்தப் பெட்டியில் இடம் இருக்கிறது என்று நிறத்தால் காட்டியது. ரயிலுக்குள் இருந்தவர்களைச் சென்சார் எண்ணியது, வெளியே நின்றவர்கள் பட்டையைப் பார்த்து நகர்ந்தார்கள். இது விளையாட்டு இல்லை, தேவை. தேவையான ஒன்று நின்றுபோனால் யாராவது கேட்பார்கள். உங்கள் ஒளியும் ஒலியும் இப்படி ஒரு பட்டையோடு ஒரே வயரிங்கில், ஒரே பராமரிப்புக் கணக்கில் வந்துவிட்டால் ஐந்து வருடக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

மின்படி_மெக்கானிக் எழுதியது:

கடைசி யோசனைக்கு என் முழு ஓட்டு. ஆனால் ஒன்று கவனம் தங்கச்சி. பிளாட்பாரத்துக்கு மேலே, தண்டவாளம் பக்கமாக எதை மாட்டினாலும், அதைத் தொட மின்சாரம் நிறுத்திய நேரம் வேண்டும், அது ராத்திரி கடைசி ரயிலுக்கும் காலை முதல் ரயிலுக்கும் நடுவில்தான். அந்த நேரத்துக்கு ட்ராக் ஆட்கள், சிக்னல் ஆட்கள் என்று எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், உங்கள் விளக்குக்கு முறை வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் தலைக்கு மேலே விளக்கும் சென்சாரும் மட்டும் இருக்கட்டும். பவர் சப்ளை, கன்ட்ரோலர், எரிந்துபோகிற எல்லாமே பிளாட்பாரத்தின் உள்பக்கச் சுவரில், பூட்டுப் போட்ட பெட்டியில், ஆள் நின்றபடியே கை எட்டுகிற உயரத்தில் வையுங்கள். பெட்டிக்கு முன்னால் பெஞ்சு போட்டுவிடாதீர்கள், கதவு முழுசாகத் திறக்க இடம் வேண்டும்.

செக்‌ஷன் (குறுக்குவெட்டுப் படம்) வரைந்ததும் இங்கே போடுங்கள், ஏணி எங்கே நிற்கும், ஒயர் எந்த வழியாக இறங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.